சகாயம்மாளின் செவ்வாய்க்கிழமை வட்டம்

சகாயம்மாளுக்குப் பொறாமை புதிதாக வந்த நோய் இல்லை. ஒன்பது வயதில் வந்தது. சேலத்தில் அவர்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது தங்கை ஜோஸ்லினுக்கு மாதா வேஷம் கொடுத்தார்கள். சகாயம்மாளுக்கு ஆட்டுக்குட்டி வேஷம். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, கையையும் காலையும் ஊன்றிக் குந்தியபடி, தங்கை நீலச் சேலையில் குழந்தை இயேசுவைக் கொஞ்சுவதைப் பார்த்த அந்த அரைமணி நேரத்தை அவள் இன்றுவரை யாருக்கும் மன்னிக்கவில்லை. பஞ்சு குத்தியதா, வயிறு எரிந்ததா என்று கேட்டால் இரண்டும்தான் என்பாள்.

மற்றபடி அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது ஐம்பத்திரண்டு வயது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு மனநல மருத்துவமனையில் இருபத்து மூன்று வருடமாக நர்ஸ். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது. கோபத்தில் கட்டிலைப் புரட்டிப் போடும் ஆளைக்கூட, "என்னப்பா, கட்டிலுக்கு அடியில எதையாவது தொலைச்சிட்டியா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவாள். கணவர் ஆண்ட்ரூஸ் அயோத்தியாப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி வீட்டுக்குள் வந்ததும் கைப்பையை வீசுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு யார் மேல் எரிச்சல் என்று சொல்லிவிடுவார். சோபாவில் விழுந்தால் டாக்டர். தரையில் விழுந்தால் ஜோஸ்லின் வாட்ஸ்அப்பில் புது வீட்டுப் படம் போட்டிருக்கிறாள்.

இந்தப் பிறவியில் தனக்கென்று அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அது செவ்வாய்க்கிழமை வட்டம். பதினோரு வருடத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் தீனதயாளன் அவளைப் பெங்களூருக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். நோயாளிகளை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைக்க வேண்டும், ஒருவர் பாரத்தை மற்றவர்கள் கேட்க வேண்டும், அதை நர்ஸ் நடத்த வேண்டும். அதுதான் பயிற்சி. ஒரு சான்றிதழோடும் ஒரு பை நிறைய அச்சடித்த காகிதத்தோடும் திரும்பி வந்தாள். முதல் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். காகிதத்தில் இருந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது அன்பியம்தான்.

அன்பியம் என்பது பங்கில், ஒரே கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்து வீட்டார் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடுவது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். இடது பக்கத்திலிருந்து வரிசையாகப் பேசுவார்கள். கடைசியில் ஒருவருக்காக ஒருவர் மன்றாட்டு சொல்லிக் கலைவார்கள். மன்றாட்டில் ஒரு வசதி உண்டு. "போன வாரம் சண்டை போட்டுக்கிட்ட சேவியர்ராஜ் குடும்பத்துல சமாதானம் வர மன்றாடுவோம்" என்று ஒருத்தி சொன்னால், சண்டை நடந்தது தெரியாத நாலு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதை யாரும் கோள் சொல்வது என்று சொல்ல மாட்டார்கள். ஜெபம் என்பார்கள். சகாயம்மாள் அன்பியத்திலிருந்து சாமியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு வந்தாள். மன்றாட்டுக்குப் பதில் வாழ்த்து. கூட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் வட்டத்தில் இருக்கும் இன்னொருவருக்கு ஒரு நல்லது நினைத்துச் சொல்ல வேண்டும். "காத்தானுக்கு இன்னைக்காச்சும் நல்லாத் தூக்கம் வரட்டும்." "சாரதாமணி அக்கா மக இந்த வாரமாவது பார்க்க வரட்டும்." சொல்கிறவர் அழுவார், கேட்கிறவரும் அழுவார். மனசு லேசாகி எழுந்து போவார்கள்.

ஹால் சுவரில் நீலப் பெயிண்டால் அவள் கையாலேயே எழுதிய சட்டம் ஒன்று உண்டு. 'இங்கே பேசியது இங்கேயே இருக்கும்.' இடத்தை அளந்து பார்க்காமல் பெரிய எழுத்தில் ஆரம்பித்துவிட்டதால், 'இருக்கும்' மட்டும் மருந்தறை ஜன்னலை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பதினோரு வருடமாகப் புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டித்தான் கூட்டத்தை ஆரம்பிப்பாள். வீட்டுக்குப் போனவர்கள் அவளைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தர் பேத்திக்கு அவள் பெயரையே வைத்தார். இந்து வீடு. சகாயம்மாள் அதை அன்பியத்தில் மூன்று வாரம் சொன்னாள்.

இந்த நிலையில்தான் போன ஆனி மாதம் தனப்பிரியா வந்து சேர்ந்தாள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் காடுகரை உள்ள குடும்பம். இருபத்தாறு வயது. மனநல நர்சிங்கில் மேல்படிப்பு. அதுகூடப் போகட்டும். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். படிப்பையும் குழியையும் ஒருத்திக்கே கொடுத்த ஆண்டவரிடம் சகாயம்மாளுக்கு முதல் நாளே ஒரு கேள்வி இருந்தது. டாக்டர் என்ன செய்தார்? "புதுப் பொண்ணு, வியாழக்கிழமை ஒரு குரூப் நடத்திப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவளும் நடத்தினாள். எப்படி? ஊரிலிருந்து அரைச் சாக்கு நிலக்கடலையும் நாலு முறமும் வந்து இறங்கின. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரையும் தரையில் உட்கார வைத்து, "சும்மா உரிங்க. பேசோணும்னு தோணுனா பேசுங்க" என்றாள்.

"இது வைத்தியமா, கடலை மண்டியா?" என்று சகாயம்மாள் மருந்தறையில் யாரும் இல்லாதபோது அலமாரியைப் பார்த்துக் கேட்டாள்.

ஆனால் பேசினார்கள். அதுதான் கொடுமை. வரிசை இல்லை, முறை இல்லை. சகாயம்மாளின் வட்டத்தில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்திருந்த ராசிபுரத்து ஆட்களும் திருச்செங்கோட்டு ஆட்களும், கையில் கடலையைக் கொடுத்ததும் வாயைத் திறந்தார்கள். முகத்தைப் பார்த்துப் பேச வராதவர்களுக்கு முறத்தைப் பார்த்துப் பேச வந்தது. சகாயம்மாள் இதை முதல் வாரமே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டதால் இன்னும் எரிந்தது. பதினோரு வருடத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே!

ஐப்பசியில் செங்கோட்டையன் வந்தார். ராசிபுரம் தாண்டி ஒரு ஊர், ஐம்பத்தைந்து வயது, தோட்டமும் தறியும் உள்ள வீடு. சோறும் இல்லை, தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை என்று தம்பி செல்லமுத்துதான் காரில் கூட்டி வந்து சேர்த்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டு வருவான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமல் நாலு வாய் தின்பார். ஏழு செவ்வாய்க்கிழமை அவர் சகாயம்மாளின் வட்டத்தில் உட்கார்ந்தார். ஏழு தடவையும் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்தவங்க பேசட்டுங்க சிஸ்டர்" என்றார்.

எட்டாவது வாரம், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, சகாயம்மாள் மருந்தறையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையைக் காலையிலேயே பிரித்தாகிவிட்டது. இருந்தாலும் வியாழன் பதினோரு மணிக்கு அந்த ஜன்னலோரம் அவளுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும். தனப்பிரியாவின் கூட்டத்தில் கடலை உடைகிற சத்தத்துக்கு நடுவில் செங்கோட்டையனின் குரல் கேட்டது.

"என்ற தம்பி கோழிப்பண்ணை வெச்சு நல்லா வந்துட்டானுங்க. நானும் வெச்சேன், எனக்கு வல்ல. எங்க போனாலும் செல்லமுத்து அண்ணனா, செல்லமுத்து அண்ணனான்னுதான் கேப்பாங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குதில்லீங்களா? ஒருநா மத்தியானம் அவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். குஞ்சு ஷெட்டுக் கதவைத் தொறந்து ரெண்டு நாயை உள்ள முடுக்கி உட்டுட்டேன் சாமி."

சாமி என்றது தனப்பிரியாவை. சகாயம்மாளின் கையில் இருந்த மாத்திரை டப்பா அப்படியே நின்றது.

"நாய் கடிச்சது கொஞ்சந்தான். பயந்துக்கிட்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அமுங்கியே செத்துப்போச்சு பூராவும். சடையன்தான் கதவைச் சாத்தாம போயிட்டான்னு சொல்லி, பண்ணையில பத்து வருஷமா இருந்தவன தம்பி அன்னைக்கே பொண்டாட்டி புள்ளையோட வெரட்டி உட்டுட்டான். நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசல சாமி."

சகாயம்மாளுக்கு இரண்டு விஷயம் தோன்றியது. முதலாவது, ஐயோ பாவம். உடம்பில் பஞ்சோடு குந்தியிருக்கும் வேதனை அவளுக்குத் தெரியாததா? இரண்டாவது, இதை இவளிடம் போய்ச் சொன்னாரே. முதலாவது சீக்கிரம் போய்விட்டது. இரண்டாவது மத்தியானச் சாப்பாட்டிலும் உட்கார்ந்திருந்தது. ஏழு வாரம் தன்னிடம் 'சிஸ்டர்', 'அடுத்தவங்க'. இவளிடம் 'சாமி', 'சாமி'!

மார்கழி பிறந்ததும் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். "தை பொறந்தா அந்த ஹால் பிசியோதெரபிக்குப் போயிடும். வாரத்துல ஒருநாள்தான் நமக்கு. ஒரே குரூப், ஒரே நர்ஸ். வர்ற செவ்வாயும் வியாழனும் நானே வந்து உட்கார்றேன். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

தனப்பிரியா, "சரிங்க சார்" என்று சிரித்தாள். குழி விழுந்தது. சகாயம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டம் போனால் தான் வெறும் ஊசிக்காரி. இருபத்து மூன்று வருடத்தில் பேர் சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

செவ்வாய் வந்தது. டாக்டர் நோட்டும் பேனாவுமாக மூலையில் உட்கார்ந்தார். வட்டம் நன்றாகத்தான் போனது. காத்தான் பேசினான், சாரதாமணி பேசினாள். செங்கோட்டையன் முறை வந்தது. "அடுத்தவங்க பேசட்டுங்க சிஸ்டர்" என்றார். டாக்டர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். அந்தப் பேனா ஓடுகிற ஓட்டம் சகாயம்மாளுக்குத் தாங்கவில்லை. இந்த ஆள் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும் சார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

வாழ்த்து தொடங்கியது. ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். கடைசியாகச் சொல்ல வேண்டியவள் அவள். பல வருட அன்பியப் பழக்கம் நாக்கில் தயாராக நின்றது. அது தானாகவே ஓடியது.

"தம்பி பண்ணையில நடந்ததை நெஞ்சுல வெச்சுக்கிட்டு வதைபடுற நம்ம செங்கோட்டையன் அண்ணனுக்கு, அந்தக் குஞ்சுங்க பாரம் இறங்கட்டும்."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

செங்கோட்டையன் அவளைப் பார்க்கவில்லை. கதவு வழியாக வராந்தாவைப் பார்த்தார். அங்கே தனப்பிரியா கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். வியாழக்கிழமையும் வருகிற மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சிஸ்டர் இது?" என்றார் டாக்டர், எல்லோரும் போனபிறகு. "அவர் உங்க வட்டத்துல வாயே திறக்கலியே. வியாழக்கிழமை பேசினதா? தனப்பிரியா உங்ககிட்ட சொல்லிச்சா?"

சகாயம்மாள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை தனப்பிரியாவின் கூட்டத்துக்குச் செங்கோட்டையன் வரவில்லை. மற்றவர்கள் வந்து உட்கார்ந்து உரித்தார்கள். உரித்தார்கள், உரித்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் வெறும் தோல் உடைகிற சத்தம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட சகாயம்மாளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அவள் காத்திருந்ததே இதற்குத்தானே? வந்தது என்னவோ நெஞ்செரிச்சல்தான்.

"வட்டம் உங்களுக்குத்தான் சிஸ்டர்" என்றார் டாக்டர் அன்று சாயங்காலம். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா வாய் நிக்கணுமே! வெளிநோயாளிப் பிரிவுல சீட்டு எழுதட்டும்."

தனப்பிரியா மருந்தறைக்கு வந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. "நான் ஆருகிட்டயும் சொல்லலீங்க சிஸ்டர். எங்கம்மாகிட்டக்கூட சொல்லல. தூக்கத்துல எதாச்சும் உளறுனனான்னு ஹாஸ்டல்ல என்ற ரூம்ல இருக்கற நான்சிகிட்டக்கூடக் கேட்டுட்டேன். உங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?"

"யாரோ பேஷண்ட் பேசிக்கிட்டிருந்தாங்க. காதுல விழுந்துச்சு" என்றாள் சகாயம்மாள். "யாருன்னு ஞாபகமில்லம்மா."

"அந்த ஐயா எம்மூஞ்சியவே பாக்க மாட்டீங்கறாருங்க. அதுதான் சிஸ்டர்..." என்று சொல்லி அவள் மறுபடி அழுதாள். சகாயம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எந்தக் கையால் தடவினாளோ அந்தக் கை ராத்திரிவரை தன்னுடையது மாதிரியே இல்லை என்று பிற்பாடு ஆண்ட்ரூஸிடம் சொன்னாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கைப்பையை ஆணியில் மெதுவாக மாட்டினாள். ஆண்ட்ரூஸுக்குப் பயமே வந்துவிட்டது. "என்ன ஆச்சு?"

"வட்டம் எனக்கே கிடைச்சிருச்சு."

"கிடைச்ச மூஞ்சியா இது?"

"சோறு வேண்டாம். பசிக்கல."

சனிக்கிழமை அன்பியம் அவர்கள் வீட்டில். மன்றாட்டு நேரத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மன்றாட்டுக்கு எப்போதும் மவுசு உண்டு. சகாயம்மாள் வாயைத் திறந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்தவங்க சொல்லட்டும்" என்றாள். சொன்னபிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. செல்லமுத்து தூக்குப்போசியோடு வந்தான், அதே தூக்குப்போசியோடு திரும்பினான். மூடிகூடத் திறக்கவில்லை. மருந்தறை வாசலில் நின்று, "அண்ணன் மறுக்காவும் பழையபடி ஆயிட்டாருங்களே சிஸ்டர்" என்றான். "மூஞ்சியத் திருப்பிக்கறாரு. எம்மேல என்ன கோவம்னே தெரியலீங்க. நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

சகாயம்மாள் ஆடிப்போனாள். அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. திங்கட்கிழமை காலை செங்கோட்டையன் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு வட்டத்துக்கு வாங்க. நீங்க பேச வேண்டாம். நான்தான் பேசப் போறேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுங்க." அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அந்தப் பொண்ணு சம்பந்தப்பட்டது" என்றாள். அப்போதுதான் லேசாகத் திரும்பினார்.

மறுநாள் டாக்டரையும் வரச் சொன்னாள். தனப்பிரியாவையும் வரச் சொன்னாள். வரும்போது முறத்தையும் கடலையையும் கொண்டு வரச் சொன்னாள். நாற்காலிகளை அவளே ஓரம் கட்டினாள். மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்து, முதல்முறையாக ஒரு கடலையைக் கையில் எடுத்தாள். அது சட்டென்று உடையவில்லை. அவள் கண்ணை அதைவிட்டு எடுக்காமல் பேசினாள்.

"குஞ்சுங்க விஷயத்தை எனக்கு யாரும் சொல்லல. அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு நான்தான் ஒட்டுக் கேட்டேன். தனப்பிரியா வாயே திறக்கல. டாக்டர் கேட்டப்ப நான் கம்முனு நாற்காலிய அடுக்கினேன். இது அழுதுக்கிட்டு வந்து கேட்டப்ப பொய் சொன்னேன்." ஒரு வழியாக ஓடு உடைந்தது. "இந்தப் புள்ளை மேல எனக்குப் பொறாமை. வந்த நாள்ல இருந்து. படிச்சிருக்குதுன்னு, சிரிக்குதுன்னு. கடலைக்கா எனக்குத் தோணாம இதுக்குத் தோணுச்சேன்னு. நீங்க அதைச் சாமின்னு கூப்பிடறீங்க, என்னை சிஸ்டருன்னு கூப்பிடறீங்க. அதுக்குக்கூடத்தான் அண்ணா."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாரதாமணி, "அட ஆண்டவா!" என்றாள். செங்கோட்டையன் ஒரு கடலையை எடுத்தார். அவர் கையில் அது உடனே உடைந்தது.

"கதவைத் தொறந்து உட்டது நீங்க" என்றார் மெதுவாக. "வெளிய போனது இந்தப் புள்ள."

"ஆமாங்க அண்ணா."

"எனக்குத் தெரியுமுங்க அது." பிறகு தனப்பிரியாவைப் பார்த்தார். "நாந்தான் உன்னையத் தப்பா நெனச்சுட்டேன் சாமி." அதற்குமேல் அன்றைக்கு அவர் பேசவில்லை. ஆனால் முறத்தைவிட்டு எழுந்தும் போகவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு சகாயம்மாள் தனப்பிரியாவின் கையைப் பிடித்தாள். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "எனக்கு மனசு ஆறலீங்க சிஸ்டர். ஆறுச்சுன்னா வந்து சொல்றேன்" என்றாள். சரியாகத்தானே சொன்னாள்? உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதற்கும் சகாயம்மாளுக்குப் பொறாமை வந்திருக்கும், இவளுக்கு இந்தக் குணமும் இருக்கிறதா என்று.

வட்டம் தனப்பிரியாவுக்குப் போனது. டாக்டர் திட்டவில்லை, "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. சகாயம்மாளுக்கு மருந்தறையே கதி என்று ஆனது. ஹால் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கொண்டிக்குக் கம்பி சுற்றிக் கட்டினாள். கம்பி ஆண்ட்ரூஸ் கடையிலிருந்து வந்தது. இருந்தும் வியாழன் பதினோரு மணிக்குச் சாத்திய ஜன்னலைத் தாண்டிக் கடலை உடைகிற சத்தம் வரும். பேச்சு வரும், சிரிப்பு வரும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொள்வாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். எங்கே போகும் அது? வீட்டில் கைப்பை மறுபடி தரையில் விழ ஆரம்பித்தது. ஆண்ட்ரூஸுக்கு நிம்மதியாக இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். சகாயம்மாள் மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனப்பிரியா கேஸ் ஷீட் வாங்க வந்து நின்றாள். வாசலில் நிழல் தட்டியது. செங்கோட்டையன். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டியிருந்தார்.

"ஏனுங்க சிஸ்டர்" என்றார். "அன்னைக்கு எல்லார்த்துக்கு முன்னாடியும் சொன்னீங்களே. சொன்னதுக்கப்பறம் எப்படி இருந்துச்சுங்க?"

நல்லதாக ஒரு பதில் சொல்லப் பார்த்தாள். பயிற்சியில் அதற்கெல்லாம் வார்த்தை கொடுத்திருந்தார்கள். ஒன்றும் உதவவில்லை. "கேவலமாத்தான் இருந்துச்சு அண்ணா" என்றாள். "இப்பவும் இருக்குது. வட்டமும் போச்சு. ஆனா அன்னைக்கு மத்தியானம் சோறு இறங்குச்சு. அஞ்சு நாளைக்கப்புறம்."

அவர் அதை யோசித்தார். வெளியே வேப்பமரத்தடியில் தூக்குப்போசியோடு செல்லமுத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"சடையனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க" என்றார். பிறகு, "தம்பிகிட்டப் போறேன். கூட வாரீங்களா?"

தனப்பிரியா கேஸ் ஷீட்டை மேஜையில் போட்டுவிட்டு, "நான் வாரனுங்கய்யா" என்று முன்னால் வந்தாள்.

"நீ இரு கண்ணு" என்றார் செங்கோட்டையன். "உனக்கு இது தெரியாது. நீங்க வாங்க சாமி."

சாமி! சகாயம்மாள் டிராலித் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். தனப்பிரியாவின் முகம் லேசாகச் சுருங்கியது. கன்னத்தில் குழியைக் காணோம். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கேஸ் ஷீட்டை வேண்டாத வேகத்தில் அடுக்கினாள். அந்த முகத்தைச் சகாயம்மாளுக்கு நாற்பத்து மூன்று வருடமாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

நீயும் வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடவில்லை. மருந்தறையிலிருந்து வேப்பமரம்வரை உள்ள அந்த நாற்பது அடியை அவள் தனியாக, அவர் பக்கத்தில், தலை நிமிர்ந்து நடந்தாள். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதி வழியில் அவர் நின்றுவிட்டதைப் பார்த்தபிறகுதான் அது அடங்கியது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லமுத்து எழுந்து நின்றான். "அண்ணா! நீயே நடந்து வாரயா!"

செங்கோட்டையன் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தார்.

"செல்லமுத்து, சடையன் இப்ப எங்கடா இருக்கறான்?" என்று கேட்டார்.